வண்டி வில்லின் வரலாறு

அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் நாம் விரும்பிப் படிக்கிறோம். வண்டியின் அடியில், சேறு படிந்து, எவர் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் ஓர் எஃகுப் பட்டைக்கும் வரலாறு உண்டு என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். எனினும், பாதையற்ற நிலத்தில் மனிதனைச் சுமந்து சென்ற ஜீப் போன்ற வண்டிகளின் வில்கள் எவ்வாறு தேய்ந்தன, தேய்ந்தவற்றின் இடத்தில் எவை வந்தன என்பதையே இங்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

வில்லின் இயல்பை ஆராய்ந்து 1678-இல் நூலாக வெளியிட்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். ஏற்றும் எடைக்கு ஒத்த அளவில் வில் வளையும் என்பது அவர் கண்ட விதி. 1804-இல் ஒபதியா எலியட் என்பார், எஃகுப் பட்டைகளை அடுக்கி நீள்வட்டமாக அமைத்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்கு ஏற்பட்ட இந்தப் பட்டை வில்லையே பின்னர் மோட்டார் வண்டியும் தன் முதுசொமாகப் பெற்றுக்கொண்டது.

1940-ஆம் ஆண்டில், எந்நிலத்திலும் செல்லவல்ல சிறு வண்டி ஒன்று வேண்டுமென அமெரிக்கப் படைத்துறை 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. மாதிரி வண்டியை முடித்துத் தர 49 நாள்களே தவணை. பான்டம் என்ற சிறு நிறுவனம் செப்டம்பர் 23 அன்று தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதைப் பின்பற்றி வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 1945-க்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. அவ்வண்டியைத் தாங்கி நின்றவை நான்கு பட்டை வில்களே.

அவசரக் காலத்தில் பட்டை வில்லை ஏன் தேர்ந்தார்கள்? அது ஒன்றே மூன்று வேலைகளைச் செய்யும். எடையைத் தாங்கும், அச்சை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும், பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் துள்ளலையும் ஓரளவு அடக்கும். எஞ்சிய துள்ளலை ஷாக் அப்சார்பர் தணிக்கும்.

ஆனால் மூவேலை செய்வது மும்மடங்கு தேயவும் செய்யும். எடை ஏறும்போது வளைந்த வில் நிமிர்கிறது. நிமிரும்போது அதன் நீளம் கூடுகிறது. ஆகவே ஒரு முனையை அடிச்சட்டத்தில் ஆணியிட்டு இறுக்கி, மறுமுனையை ஷாக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கவிடுகிறார்கள். போர்க்கால ஜீப்பில் இந்த ஷாக்கிள்கள் மரையிட்ட உலோகப் புஷ்களில் அசைந்தன. கிரீஸ் இடும்வரை அவை நன்கு உழைத்தன. கிரீஸ் வற்றி, நீரும் மணலும் புகுந்தால் மரை தேயும், இடைவெளி விரியும், அச்சு தன் இடத்தில் நில்லாது, ஓட்டுநர் நேரே பிடித்தாலும் வண்டி பக்கம் விலகும். இக்குறைக்கு விடையாகவே பிற்காலத்தில் கிரீஸ் வேண்டாத ரப்பர் புஷ்கள் இடம்பெற்றன.

அடுத்த பெரும் மாறுதல் சுருள்வில். 1948-இல் பிறந்த லேண்ட் ரோவர் பட்டை வில்லில் நின்றது. அதே நிறுவனம் 1970-இல் வெளியிட்ட ரேஞ்ச் ரோவரோ நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் கொண்டு வந்தது. 1983-இல் லேண்ட் ரோவரும் அவ்வழிக்குத் திரும்பியது. ஜீப் வம்சத்தில் வந்த ராங்லர் 1996-இல் பட்டை வில்லைக் கைவிட்டது. சுருள்வில்லில் சக்கரம் மேலும் கீழும் வெகுதூரம் அசையலாம். பள்ளத்திலும் மேட்டிலும் சக்கரம் நிலத்தைத் தொட்டபடி இருக்கும்.

இங்கே நாம் ஓர் உண்மையைக் கருத வேண்டும். சுருள்வில் எடையைத் தாங்குமேயன்றி அச்சை இடத்தில் நிறுத்தாது. அதற்கெனத் தனிக் கைகளும் குறுக்குத் தண்டும் வேண்டும். ஒவ்வொரு கைக்கும் இரு முனை. ஒவ்வொரு முனைக்கும் ஒரு புஷ். தேய்மானம் ஒழியவில்லை; வேறிடம் பெயர்ந்தது, அவ்வளவே! மேம்பாடு என்பது பெரும்பாலும் இத்தகையது என்றே நான் எண்ணுகிறேன்.

பழைய வண்டியை வைத்திருப்போர் மறப்பதும் இதுவே. வில் தொய்ந்துவிட்டது என்று கண்டதும், முன்னிலும் உயரமான, விறைப்பான வில்லை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கிறது. கண்ணுக்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் உயரம் கூடியதும் புரொப்பெல்லர் தண்டின் கோணம் மாறி, அதன் இணைப்புகள் விரைந்து தேய்கின்றன. ஈர்ப்பு மையம் மேலேறுவதால் சரிவில் கவிழும் அச்சம் கூடுகிறது. சக்கரம் முன்னிலும் கீழே தொங்குவதால் பிரேக் குழாய் இழுபடுகிறது. மலைப்பாதையின் இறக்கத்தில் அக்குழாய் அறுந்தால் என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாலியூரித்தேன் புஷ்ஷும் அத்தகையதே: ரப்பரைவிட விறைப்பாய் நின்று சக்கரத்தை அடக்கி வைக்கும், ஆயினும் அதிர்வை மிகுதியாகக் கடத்தும்.

அப்படியானால் பழையபடியே மாற்றுவதுதான் நன்றோ? அதுவும் எப்போதும் பொருந்தாது. இரண்டு பேர் ஏறிய வண்டியில் இன்று எட்டுப் பேரும் மூட்டைகளும் ஏறினால், பழைய அளவு வில் அவ்வெடைக்குப் போதாது. ஆதலால், என்ன சுமை, எந்தப் பாதை என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். எது தேய்ந்தது என்பதை ஊகத்தால் அன்றி அளவால் அறிய வேண்டும். வில்லையும் ஷாக் அப்சார்பரையும் இருபுறமும் இணையாக மாற்ற வேண்டும். வில்லை மாற்றும்போது புஷ்களையும் சோதிக்க வேண்டும். உயரத்தைக் கூட்டினால் தண்டு, குழாய், ஸ்டீயரிங் ஆகியவற்றையும் அதற்கு ஒப்பச் செம்மை செய்ய வேண்டும்.

வில்லின் வரலாற்றில் நான் காணும் பாடம் இதுவே. ஓர் உறுப்பை வலிமையாக்குவோர், அதன் பாரம் அடுத்து எங்கே சென்று விழும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். நாளைய பொறியாளர்களாகிய உங்களுக்கு வண்டியில் மட்டுமன்றி, நீங்கள் கட்டப்போகும் பாலத்திலும் அணையிலும் இந்த எண்ணம் துணைநிற்கும்.