அம்மாவின் தோடும் இரண்டரை பவுண்டு மெஷினும்

லக்னோவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆச்சு. போன கோடை லீவுல ஊருக்குப் போயிருந்தப்போ அம்மாவோட ஒத்தைத் தோடு கிணத்தடியில கழண்டு விழுந்துடுச்சு. தாத்தா அவங்க கல்யாணத்துக்குப் போட்டது. மண்ணை அள்ளிச் சலிச்சும் கிடைக்கலை. "வேற வாங்கிக்கலாம்மா"ன்னேன். அம்மா பதிலே பேசலை.

அதான் இப்போ மெட்டல் டிடெக்டர் வாங்குற யோசனை. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் திருகு குமிழ் வச்ச பழைய மாடலை ஏறக்குறைய சும்மாவே தர்றேங்கிறார். பையன் காட்டுறதோ திரை வச்ச புது மாடல். வாங்கறதுக்கு முன்னாடி இந்த மெஷினோட ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டினேன்.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்துல ஒருத்தன் சுட்டுட்டான். குண்டு உடம்புக்குள்ள எங்கே இருக்குன்னு தெரியலை. எக்ஸ்ரே வர இன்னும் 14 வருஷம் இருக்கு. டெலிபோன் கிரகாம் பெல் ரெண்டு கம்பிச் சுருளை வச்சு ஒரு கருவி செஞ்சு கொண்டு வந்தார். பக்கத்துல உலோகம் வந்தா ரிசீவர்ல இரையும். மத்தவங்க மேல சோதிச்சப்போ வேலை செஞ்ச கருவி, வெள்ளை மாளிகையில கண்ட இடத்துல எல்லாம் இரைஞ்சது. காரணம், மெத்தைக்கு அடியில இருந்த எஃகுக் கம்பிகள். போதாக்குறைக்கு, குண்டு வலது பக்கம்தான்னு பெரிய டாக்டருக்குப் பிடிவாதம். அங்கேதான் தேட விட்டார். செப்டம்பர் 19ல ஜனாதிபதி இறந்துட்டார். பிரேதப் பரிசோதனையில குண்டு இடது பக்கம் இருந்தது.

அடுத்து இரண்டாம் உலகப் போர். யோசெஃப் கோசாட்ஸ்கின்னு ஒரு போலந்து அதிகாரி, ஸ்காட்லாந்துல இருந்துகிட்டு கண்ணிவெடி தேடும் கருவியை வடிவமைச்சார். கிட்டத்தட்ட 14 கிலோ கனம். 1942ல எல் அலமைன் பாலைவனத்துல 500 கருவி போச்சு. காப்புரிமை வாங்காம பிரிட்டிஷ் ராணுவத்துக்கே கொடுத்துட்டார் மனுஷன்.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது 2009 ஜூலை 5. இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் டெர்ரி ஹெர்பர்ட்னு ஒருத்தர் ஒரு விவசாயியோட வயல்ல தேடினார். கையில 14 வருஷப் பழசான டிடெக்டர். பழைய சாமான் சந்தையில இரண்டரை பவுண்டுக்கு வாங்கினது. எங்க புத்தகத்துல அந்த வயசு மெஷினை ஒரு ரூபாய்னு எழுதி வச்சிருப்போம். அவருக்குக் கிடைச்சது ஏறத்தாழ 4 கிலோ ஆங்கிலோ சாக்சன் தங்கம்! மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. விவசாயியோட பாதிப் பாதி.

"பார்த்தியாடா, பழசே போதும்"னு பையன்கிட்ட ஜம்பமா சொன்னேன். அவன் விடலை. பழைய மெஷின் பெரும்பாலும் குறைஞ்ச அதிர்வெண்ல ஓடுமாம். பெரிய நாணயம்னா கண்டுபிடிச்சிடும். தோடு மாதிரி பொடித் தங்கத்துக்குக் கூடுதல் அதிர்வெண்தான் நல்லது. விசாரிச்சேன். அவன் சொன்னது சரி.

ஆனா அவன் ரொம்பப் புகழ்ந்த வசதிதான் எனக்கு இடிச்சது. 1970கள்ல இருந்து, குப்பை உலோகத்தைத் தள்ளிட்டு நல்லதுக்கு மட்டும் கூவுற ஏற்பாடு வந்திருக்கு. சிகரெட் பெட்டி அலுமினியத் தாளும் சின்னத் தங்க நகையும் மெஷினுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். தாளைத் தள்ளினா தோடும் சேர்ந்து போயிடும். பெல்லை வலது பக்கம் மட்டும் தேடச் சொன்ன டாக்டர் ஞாபகம் வந்துட்டார்.

புதுசே வாங்கியாச்சு, கூடுதல் அதிர்வெண்ல ஓடுற சாதா மாடல். குப்பை தள்ளுற வசதியை அணைச்சுட்டுத்தான் தேடணும். ஆணி, மூடி, பிளேடுன்னு நூறு தடவை தோண்டணும், தோண்டுவோம். (தோட்டுக்குப் பதில் புதையல் வந்தா? 1878 சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல போனா கலெக்டருக்குச் சொல்லணும். தங்கமணிக்கு இதை இன்னும் சொல்லலை.)

கிணத்தடி ஓரமா கிடக்கிற இரும்புக் கட்டிலை மட்டும் தூக்கி உள்ளே போடச் சொல்லி நேத்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "எதுக்குடா?"ன்னாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எப்ப வர்றே?"ன்னாங்க.

தீபாவளிக்குச் சென்னை வண்டியில வெயிட்டிங் லிஸ்ட் 14.