தொண்டி: சாட்சிகள் வேற ஊர்ல இருக்கு

இந்த எபிசோட் தொண்டியைப் பத்தி. ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை தாலுகா. கிழக்குக் கடற்கரைச் சாலையில ராமேஸ்வரம் போறவங்க பெரும்பாலும் டீக்கு மட்டும் நிறுத்துற ஊர்.

திருவாடானையில ஆதிரத்தினேஸ்வரர் கோயிலைப் பாத்துட்டு, பஸ் பிடிச்சு தொண்டிக்குப் போனேன். கரையில நீலம், பச்சை, மஞ்சள்னு வரிசையா படகுகள். காயப்போட்ட வலை, பள்ளிவாசல் மினாரா, மீன் வாசம். கண்ணுக்கு நல்லா இருக்கு. ஆனா டிக்கெட் வாங்கிப் பாக்குற மாதிரி பழைய கட்டடம் எதுவும் என் கண்ணுல படலை. அப்புறம் எதை வச்சு இதைப் பழம்பெரும் துறைமுகம்னு சொல்றாங்க?

துறைமுகத்துக்குச் சரக்கு வரும், ஆனா அங்கேயே தங்காது. அதனால சாட்சியும் பல நேரம் வேற ஊர்லதான் கிடைக்கும். தொண்டிக்கு அப்படி நாலு சாட்சி சொல்றேன்.

முதல் சாட்சி மதுரை. இங்கே ஒரு பேர்க்குழப்பம் இருக்கு. சங்கப் பாடல்கள்ல புகழ்பெற்ற தொண்டி சேரனோடது, மேற்குக் கரையில இருந்தது. பெரிப்ளூஸ்ங்கிற கிரேக்க வணிகக் கையேடு 'டிண்டிஸ்'னு சொல்றதும் அதைத்தான். ஒரே பேர்ல ரெண்டு வேரியபிள் இருந்தா, அது எந்த இடத்துல வருதுன்னு பாத்துத்தானே பிரிப்போம்? சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில, தொண்டிக்காரங்க அனுப்பின அகில், துகில், சந்தனம், கற்பூரம் இதையெல்லாம் சுமந்துக்கிட்டு கொண்டல் காற்று மதுரைக்குள்ள வருது. கொண்டல்னா கீழ்க்காற்று. அப்போ மதுரைக்குக் கிழக்கே இருக்கிற தொண்டின்னு எடுத்துக்கிறதுதான் பொருத்தம். கற்பூரம் சுமத்ரா பக்கத்துச் சரக்குங்கிறதும் இதோட ஒத்துப்போகுது. இன்னைக்கும் கொச்சியில கிளம்புற தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு, மதுரை, சிவகங்கை தாண்டி தொண்டியிலதான் போய் முடியுது.

ரெண்டாவது சாட்சி காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில பாண்டிய நாட்டுல வாரிசுச் சண்டை. ஒரு தரப்புக்கு உதவியா இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகு படை அனுப்புறான். தொண்டி, பாசி பகுதிகள்ல நடந்த போரால சோழ நாட்டு மக்களே நடுங்கினாங்கன்னு, இரண்டாம் ராஜாதிராஜன் காலத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டு சொல்லுது. படை அழியணும்னு உமாபதிதேவர் 28 நாள் பூஜை பண்ணினாராம். அதுக்காக அவருக்குக் கிடைச்ச ஊர்தான் ஆர்ப்பாக்கம். தொண்டிக் கரையில பத்தின நெருப்போட சூடு காஞ்சி வரைக்கும் போயிருக்கு.

மூணாவது சாட்சி ரொம்பப் பக்கம், தீர்த்தாண்டதானம். அங்க இருக்கிற 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டுல அஞ்சுவண்ணம், மணிக்கிராமம், தென்னிலங்கை வளஞ்சியர்னு வணிகக் குழுக்கள் வரிசையா வருது. கூடவே கைக்கோளர், வாணியர். எல்லாரும் கூடி, வர்ற போற சரக்குல ஒரு பங்கை சிவன் கோயில் திருப்பணிக்குக் கொடுக்கிறதா முடிவு பண்றாங்க. அஞ்சுவண்ணம்ங்கிறது மேற்காசிய வணிகர்களோட குழு. அந்தக் காலகட்டத்துல தமிழ்க் கரையில அதுல பெரும்பாலும் முஸ்லிம்கள்தான் இருந்திருப்பாங்கன்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. அவங்க பங்கும் சேர்ந்துதான் அந்தக் கோயில் திருப்பணி. இதை யாரும் நல்லிணக்கம்னு விழா எடுத்துக் கொண்டாடலை, வியாபாரக் கணக்குல ஒரு வரியா எழுதிட்டுப் போயிட்டாங்க. எனக்குப் பிடிச்சதே அதுதான்.

நாலாவது சாட்சி இலங்கை மலையகம். பாக் விரிகுடா ஆழம் குறைஞ்ச கடல். பெரிய கப்பலுக்கு ஆகாது, தோணிக்கு ஆகும். 19-ஆம் நூற்றாண்டுல காப்பித் தோட்டம், அப்புறம் தேயிலைத் தோட்டம்னு கிளம்பின ஜனங்க தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் மாதிரி கரைகள்ல இருந்துதான் தோணி ஏறினாங்க. மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியா மலைக்கு நடந்தாங்க. காலராவுலயும் பசியிலயும் வழியிலேயே செத்தவங்க ஏராளம்.

1914-ல பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல நீராவிக் கப்பல் ஓட ஆரம்பிச்சதும் பயணிகள் அந்தப் பக்கம் போயிட்டாங்க. 1948-ல இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தப்போ, உங்க அப்பா இங்கே பிறந்ததுக்கு ஆதாரம் என்னன்னு மலையகத் தமிழர்கள்கிட்ட கேட்டாங்க. நிறைய பேர்கிட்ட காகிதம் இல்லை. லட்சக்கணக்கானவங்க நாடற்றவங்க ஆனாங்க. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கிறதா முடிவாச்சு. தாத்தா தோணி ஏறிப்போன கடல்ல, பேரன் கப்பல் ஏறித் திரும்பி வந்தான்.

மத்த மூணு சாட்சியும் எங்கேயும் போகாது. கல்வெட்டைப் படியெடுத்தாச்சு, சிலப்பதிகாரம் அச்சுல இருக்கு. நாலாவது மட்டும் மனுஷங்களோட நினைவுல இருக்கு, அவங்களுக்கும் வயசாகுது. கூடலூர், கோத்தகிரி, நுவரெலியா, ஹட்டன் பக்கமிருந்து கேக்குறவங்க யாராவது இருந்தா, உங்க பாட்டிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "நம்ம ஆளுங்க எந்தக் கரையில தோணி ஏறினாங்க?" பதிலை போன்லயே பதிவு பண்ணி வைங்க. தொண்டின்னு பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க.