வங்காளதேசத் தொடக்கப் பள்ளிகளில் கைபேசிவழி ஆங்கிலம்

1952 மொழிப் போராட்டத்தில் வேர்கொண்டு 1971இல் பிறந்த நாடு வங்காளதேசம். விடுதலைக்குப்பின் ஆட்சியிலும் கல்வியிலும் வங்க மொழி முதலிடம் பெற, ஆங்கிலம் பின்னுக்குச் சென்றது. 1990களின் தொடக்கத்தில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடமாயிற்று. சட்டம் எளிதாக வந்துவிட்டது. கற்பிக்க வேண்டியவர்களோ ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பழகாதவர்கள். பாடநூலை வாசித்து வங்க மொழியில் பொருள் சொல்வதே வகுப்பாக இருந்தது. இதில் ஆசிரியர்களைக் குறைகூற இடமில்லை. அவர்கள் கற்றதும் அவ்வாறே.

2008இல் பிரித்தானிய அரசின் நிதியுதவியுடன் 'இங்கிலிஷ் இன் ஆக்சன்' என்னும் திட்டம் தொடங்கியது. பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதன் கல்விப் பணியில் முதன்மைப் பங்கு வகித்தது. முன்னோட்டக் கட்டத்தில் ஏறத்தாழ 700 ஆசிரியர்கள் சேர்ந்தனர். ஐபாட் கருவியும் மின்னேற்றம் செய்யத்தக்க ஒலிபெருக்கியும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. மின்சாரம் நிலையற்ற சிற்றூர்ப் பள்ளிகளில் இந்த ஒலிபெருக்கியின் அருமை தெரியும்.

ஆனால் ஐபாட் விலை மிகுந்தது. நாடெங்கும் கொடுக்க இயலாது. ஆகவே அடுத்த கட்டத்தில் மலிவான நோக்கியா கைபேசியும் நினைவக அட்டையும் அதன் இடத்தைப் பிடித்தன. இணையம் தேவைப்படாதது இம்முறையின் பெருஞ்சிறப்பு. தேசியப் பாடநூலின் பாடங்களுக்குரிய உரையாடல்களும் பாடல்களும் அட்டையிலேயே இருந்தன, அவை மாணவர்க்கு. ஆசிரியர்க்கென்று தனியே காணொளிகள் இருந்தன. அவற்றில் தோன்றியவர்கள் இலண்டன் ஆசிரியர்கள் அல்லர். நெரிசலான வகுப்பறைகளில் பாடம் நடத்தும் வங்காளதேச ஆசிரியர்களே. தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்டபின், "நம் பள்ளியில் இது நடக்காது" என்று தட்டிக்கழிப்பது கடினம் அல்லவா?

பயிற்சிக்காக ஆசிரியர்கள் நெடுநாள் பள்ளியை விட்டு விலகவில்லை. ஒரே பள்ளியிலிருந்து இருவராகச் சேர்ந்து, காணொளியைப் பார்த்து, மறுநாள் வகுப்பில் செய்துபார்த்து, இடையிடையே வட்டார அளவில் கூடிப் பேசினர். கருவியைவிட இந்த இருவர் ஏற்பாடே திட்டத்தின் உயிர்நாடி எனக் கருதலாம். தனியே விடப்பட்ட ஆசிரியர் பழைய வழக்கத்துக்குத் திரும்புவது எங்கும் காணப்படுவதே.

மாணவரின் பேச்சுத் திறன் இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் தரநிலைகளைக் கொண்டு அளக்கப்பட்டு, முன்னேற்றம் பதிவாயிற்று. இறுதிக் கட்டத்தில் ஆசிரியர்களின் சொந்தக் கைபேசிகளே பயன்பட்டன. திட்டம் அளித்தது நினைவக அட்டையை. 2017இல் திட்டம் நிறைவுற்றபோது பல்லாயிரம் ஆசிரியர்கள் இதில் பங்கேற்றிருந்தனர்.