ஒருபால் இணையரின் உணவு வாழ்வு: ஸ்டைன் – டோக்லாஸ் இல்லம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நெடுங்காலம் ஒரே அடுப்பில் சமைத்து உண்ட இருவரின் உணவுப் பழக்கங்கள் நாளடைவில் ஒன்றையொன்று தழுவி அமைவது இயல்பு. யாருடைய விருப்பம் உலையேறுகிறது, யார் எதனை விட்டுக்கொடுக்கிறார் என்னும் வினாக்களைக் குடும்ப வரலாற்றாய்வு பெரும்பாலும் கணவன் மனைவியரை முன்னிறுத்தியே எழுப்பி வந்துள்ளது. முதுமை வரை சேர்ந்து வாழ்ந்த ஒருபால் இணையர் அதில் அருகியே இடம்பெறுகின்றனர். திருமணப் பதிவேடு போன்ற வழக்கமான ஆவணங்கள் அவர்களை இணையராகக் குறிப்பதில்லை என்பது இதற்கு ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

ஆவணம் இல்லாத இடத்தில் அடுக்களை பேசக்கூடும். பாரிஸ் நகரில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் (1874–1946), அவர்தம் வாழ்க்கைத் துணையான ஆலிஸ் பி. டோக்லாஸ் (1877–1967) ஆகிய இருவரும் ஒருவர் மற்றவரின் உணவை எவ்வாறு மாற்றினர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. டோக்லாஸ் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட சமையல் நூல் இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஞாயிறு மாலை உணவு

இருவரும் 1907 செப்டம்பரில் பாரிசில் சந்தித்தனர். 1910இல் டோக்லாஸ் ஃபிளூரூஸ் தெரு 27ஆம் எண் இல்லத்தில் குடியேறினார். அங்கு எலேன் என்னும் பிரெஞ்சுப் பணிப்பெண் சமைத்து வந்தார். அவர் விடுப்பில் செல்லும் ஞாயிறு மாலைகளில் அமெரிக்க உணவே வேண்டும் என ஸ்டைன் விரும்பினார். அதன் பொருட்டே டோக்லாஸ் அடுக்களைக்குள் நுழைந்தார். தாம் கலிபோர்னியாவில் உண்டு பழகிய கோழிக் குழம்பு, சோள ரொட்டி, ஆப்பிள் பை முதலியவற்றைச் சமைக்கத் தொடங்கினார். ஆகவே, பின்னாளில் பெயர்பெற்ற இச்சமையற் கலைஞரை உருவாக்கியது துணைவரின் நாவே எனலாம்.

நன்றி நவிலும் நாள் விருந்து பற்றிய குறிப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. வான்கோழியினுள் அடைக்கும் பூரணத்திற்குக் காளானா, செஸ்ட்நட் கொட்டையா, சிப்பியா என ஸ்டைனால் முடிவு செய்ய இயலவில்லை. டோக்லாஸ் மூன்றையும் சேர்த்துவிட்டார். உண்பவரின் தயக்கம் சமைப்பவரின் கையில் ஒரு புதிய செய்முறையாக மாறிய தருணம் இது.

தோட்டமும் போர்க்காலமும்

இச்செல்வாக்கு ஒருவழிப்பட்டதன்று. 1929 முதல் இருவரும் தென்கிழக்குப் பிரான்சின் பூஜே பகுதியிலுள்ள பிலின்யான் என்னும் சிற்றூரில் கோடையைக் கழித்தனர். அங்குக் காய்கறித் தோட்டத்தை டோக்லாஸ் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். ஸ்டைனின் காலையுணவுக்கு ஒரு சிறு கூடை ஸ்ட்ராபெரி பறிக்கத் தமக்கு ஒரு மணி நேரம் பிடித்தது என அவர் எழுதுகிறார். எது எப்போது பழுக்கும், எது அன்றைய உணவில் இடம்பெறும் என்பதை இப்போது தோட்டக்காரரின் கை வரையறுத்தது.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ஸ்டைனுக்கு வயது 66; டோக்லாசுக்கு 63. யூதப் பெண்களான இருவரும் அப்பகுதியிலேயே தங்கிவிட்டனர். 1943இல் பிலின்யான் வீட்டை இழந்து, அருகிலிருந்த கியூலோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பங்கீட்டு முறையில் இறைச்சியும் வெண்ணெயும் அரிதாயின. அதுகாறும் உண்பவராகவே இருந்த ஸ்டைன், பொருள் தேடி அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு நடக்கலானார். உணவைத் தேடுபவர், சமைப்பவர் எனப் பொறுப்பு இருவருக்கும் பகிரப்பட்டது.

போர்க்காலக் கிறிஸ்துமஸ் ஒன்றின்போது ஸ்டைன் டோக்லாசுக்கு ஒரு மாபெரும் பிரெஞ்சுச் சமையல் நூலைப் பரிசளித்தார். சமைக்கவே இயலாத உணவுகளின் செய்முறைகளைக் குளிர்கால இரவுகளில் டோக்லாஸ் ஆழ்ந்து படித்தார். விடுதலை நாளன்று கேக் செய்வதற்கென்றே பாகிலிட்ட பழங்களைச் சேமித்தும் வைத்திருந்தார். பஞ்சத்திலும் அவ்வில்லத்தில் உணவு ஓர் எதிர்பார்ப்பாக நிலைத்திருந்தது என்பதை இவை புலப்படுத்துகின்றன.

சான்றின் தன்மை

இச்சான்றை எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். 1933இல் ஸ்டைன், டோக்லாசின் குரலில் அவருடைய 'தன்வரலாற்றை' எழுதினார். இரு பத்தாண்டுகளுக்குப் பின், டோக்லாஸ் தம் நூலில் ஸ்டைனின் சுவையைப் பதிவு செய்தார். இருவரும் ஒருவருக்காக மற்றவர் பேசியவர்கள். ஸ்டைன் எதனை விரும்பாமலேயே உண்டார் என்பதை நாம் டோக்லாசின் நூலிலிருந்து அறிய இயலாது. மேலும், ஒருவர் எழுத, மற்றவர் சமைத்தும் தட்டச்சு செய்தும் வாழ்ந்த இல்லம் அது. இத்தகைய சமனின்மை ஆண் பெண் குடும்பங்களுக்கு மட்டுமே உரியதன்று என்பதும் இங்குத் தெளிவாகிறது. எனினும் டோக்லாசை வெறும் செயலாளராகவோ சமையற்காரராகவோ கருதும் போக்கு, அவ்வில்லத்தின் உணவை வடிவமைத்தவரையே மறைத்துவிடுகிறது.

நூல் எழுந்த சூழலும் கருதத்தக்கது. ஸ்டைன் 1946 ஜூலை 27ஆம் நாள் வயிற்றுப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையின்போது மறைந்தார். ஏழாண்டுகளுக்குப் பின், மஞ்சள் காமாலையால் நலிவுற்றுப் பத்திய உணவில் இருந்த காலத்தில் டோக்லாஸ் தம் நூலை எழுதினார். தாம் உண்ண இயலாத உணவுகளை, உடனுண்ண இனி ஒருவரும் இல்லாத நிலையில் அவர் நினைவுகூர்ந்தார். துணைவரை எங்கும் 'கெர்ட்ரூட் ஸ்டைன்' என முழுப்பெயராலேயே சுட்டுகிறார். உறவுச்சொல் எதனையும் பயன்படுத்தவில்லை. அவ்வுறவைச் செய்முறைகளே உணர்த்துகின்றன.

முடிவுரை

சட்டம் இச்சான்றை ஏற்கவில்லை. ஸ்டைனின் விருப்புறுதி ஓவியங்கள் மீது டோக்லாசுக்கு வாழ்நாள் பயன்பாட்டு உரிமையை அளித்திருந்தும், 1961இல் அவர் ரோமில் இருந்தபோது அவை இல்லத்திலிருந்து அகற்றப்பட்டன. ஏறத்தாழ நாற்பதாண்டு இல்லறம் அவருக்கு மனைவியின் உரிமையைத் தரவில்லை. பிரான்சில் ஒருபால் திருமணம் சட்டமானது 2013இல்தான்.

ஆகவே, ஒருபால் இணையரின் முதுமை வாழ்வை ஆராய்வோர் பதிவேடுகளோடு நின்றுவிடாது, சமையற் குறிப்பு, தோட்டக் குறிப்பு, கடிதம் ஆகியவற்றையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ள வேண்டியுள்ளது. ஒரு மணி நேரம் செலவிட்டுப் பறித்த ஒரு கூடைப் பழம் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவ்விருவரின் வாழ்வை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அது புறக்கணிக்கத்தக்க சான்றன்று.