பண்டகசாலை நகரம் காரியாலயமான வரலாறு

பழைய பண்டகசாலைகளைக் காரியாலயங்களாக மாற்றும் முயற்சிகளைப் பாராட்டுவோர், அவை எழுந்த நிலத்தில் முன்னர் வாழ்ந்தோர் யார் என வினவுவது அரிது. ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தை அடுத்துள்ள 'ஸ்பைகர்ஸ்டட்' இவ்வினாவுக்கு இடமளிக்கின்றது. பண்டகசாலை நகரம் என்பதே அப்பெயரின் பொருள்.

ஜேர்மன் சுங்க எல்லைக்குள் இணைய 1881 இல் இசைந்த ஹம்பேர்க், அதற்கு ஈடாகத் தீர்வையற்ற துறைமுகப் பகுதியொன்றைப் பெற்றது. வெளிநாட்டுச் சரக்குகளைத் தீர்வையின்றிச் சேமித்து வைக்க அங்கு இடம் வேண்டியிருந்தது. அதன்பொருட்டுக் கேர்விடர், வாண்ட்ராம் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 20,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். வாண்ட்ராமின் வணிகச் செல்வருக்கு வேறு மனைகள் கிட்டின. கேர்விடரில் தொழிற்றலத்தின் அருகே குடியிருந்த துறைமுகத் தொழிலாளரோ தொலைவிலுள்ள குடியிருப்புகளை நாட நேர்ந்தது. கேர்விடர் என்ற சொல்லுக்குத் 'திரும்பி வா' என்று பொருள். திரும்பிவர அங்கு வீடுகள் இருக்கவில்லை.

1883 இல் கட்டட வேலை தொடங்கியது. பொறியியலாளர் பிரான்ஸ் அந்திரேயாஸ் மேயரின் தலைமையில், சேற்று நிலத்தில் அறையப்பட்ட மரத்தூண்களின்மேல் செங்கற் கட்டடங்கள் எழுந்தன. ஒரு புறம் கால்வாய், மறுபுறம் வீதி. படகிலிருந்து கோப்பி, தேயிலை, வாசனைத் திரவியங்கள் ஆகியன முகட்டுப் பாரந்தூக்கிகளால் மாடிகளுக்கு ஏற்றப்பட்டன. 1888 இல் பேரரசர் இரண்டாம் வில்லியம் இதனைத் திறந்துவைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழப் பாதி அழிந்தது. வேர்னர் கால்மோர்கன் அதனை மீளக் கட்டியெழுப்பினார்.

குண்டுகள் செய்யாததைக் கொள்கலன்கள் செய்தன எனலாம். மூட்டை சுமந்து மாடியேற்றும் முறை 1960களின் பிற்பகுதி முதல் படிப்படியாக வழக்கொழிந்தது. 1991 இல் கட்டடங்கள் மரபுரிமைச் சின்னங்களாகப் பாதுகாக்கப்பட்டன. 2003 இல் இப்பகுதி தீர்வையற்ற எல்லையிலிருந்து நீக்கப்பட்டதும் மாற்றம் விரைவுற்றது. பெரும் பாரத்துக்கென அமைந்த தளங்கள் மேசைகளையும் எழுதுவினைஞரையும் எளிதிற் சுமந்தன. இடர்ப்பாடு வெளிச்சத்திலேயே இருந்தது: சரக்குக்கு இருள் பொருட்டன்று, மனிதருக்கு அவ்வாறன்று. முகப்பையோ மாற்றுதல் ஆகாது. எனவே சாளரத்தருகே பணியிடங்களும் நடுவே ஏனைய அறைகளும் அமைப்பது இயல்பான வழியாயிற்று. 2015 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றது.

ஆக, கட்டடத்தின் செங்கல் காக்கப்பட்டது. அதற்கு முந்திய குடியிருப்பு காக்கப்படவில்லை. நகரின் பிரதான வெள்ளத் தடுப்பணைக்கு வெளியே இருப்பதால், வீடுகளை அங்கு மீளக் கொணர்வது காரியாலயங்களை அமைப்பதைவிட மிகக் கடினமாயிருந்து வந்துள்ளது.