குஜராத் சுரங்கத்தில் கிடைத்த முயலின் கொள்ளுத்தாத்தா!

பெரும்பாக்கத்துல முயல்னு சொன்னா, கூண்டுல கேரட் கடிக்கிற வெள்ளை முயல்தான் ஞாபகம் வரும். அது ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். பிடரியில் கறுப்பு நிறம் உள்ள காட்டு முயல்தான் நம்ம ஊர்க்காரர். ஆனா, முயல் குடும்பத்துக்கு இந்தியாவோட இருக்கிற உறவு இதைவிட ரொம்பப் பழசு!

குஜராத்தில் சூரத் அருகே இருக்கிறது வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அங்கே கிடைத்த சில குட்டி எலும்புகளைப் பற்றி 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் கென்னத் ரோஸ், இந்தியாவின் ஆர்.எஸ்.ராணா, அசோக் சாஹ்னி உள்ளிட்டோர் எழுதியது. எலும்புகளின் வயது சுமார் 5.3 கோடி ஆண்டுகள்! இந்திய நிலப்பகுதி ஆசியாவுடன் மோதிக்கொண்டிருந்த காலகட்டம் அது.

கிடைத்தது முழு எலும்புக்கூடு இல்லை. குதிகால், கணுக்கால் எலும்புகள்தான். அளவு? கால் அங்குலத்துக்குப் பக்கம். அதனால் அந்த விலங்குக்கு இன்னும் தனிப் பெயர்கூட வைக்கவில்லை.

சரி, கால் எலும்பை வெச்சு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? குதித்து ஓடும் விலங்கின் கணுக்கால் மூட்டுக்குத் தனி அமைப்பு உண்டு. இந்த எலும்புகளை மற்ற விலங்குகளின் எலும்புகளோடு ஒப்பிட்டபோது, அவை சில அம்சங்களில் இன்றைய முயலின் காலோடு ஒத்துப்போயின.

முயலுக்கு நெருங்கிய சொந்தம் பைகா. இமயமலைப் பாறைகளில் வாழும், குட்டிக் காதும் வெளியே தெரியாத வாலும் உள்ள விலங்கு. பார்க்க எலி மாதிரி இருந்தாலும் பைகாவும் முயலும் எலி இனம் இல்லை. இரண்டுக்குமே மேல்வாயில் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு குட்டி ஜோடிப் பல் உண்டு. எலிக்கு அது கிடையாது. வஸ்தான் எலும்புகளில் முயலைப் போன்ற அம்சங்களும் இருப்பதால், இந்த இரு குடும்பங்களும் நினைத்ததைவிட முன்பே பிரிந்திருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

அன்று தொடங்கிய அந்தக் கால்தான் இன்றும் காட்டு முயலுக்கு ஆயுதம். அது வளை தோண்டாது. பகலில் புல், புதர் மறைவில் பதுங்கும். ஆபத்து வந்தால் ஒரே ஓட்டம்! அதற்குப் புதர் வேண்டும், ஓடத் திறந்த வெளியும் வேண்டும். மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காடு அப்படிப்பட்ட இடம்தான். சுற்றிலும் அபார்ட்மென்ட்டுகள் நெருங்க நெருங்க, புதர்க்காடு சுருங்குது. 5 கோடி வருஷமா ஓடிவந்த கால்களுக்கு, ஓட இடம் மிச்சம் இருக்கணுமே!