டெட்ராய்டை எச்சரித்த பிராக் யேட்ஸ்

அமெரிக்க மோட்டார் வாகனத் துறை எழுத்தாளர்களில் செல்வாக்கும் துணிவும் மிக்கவராக விளங்கிய பிராக் யேட்ஸ், 2016 அக்டோபரில் தமது 82ஆவது வயதில் காலமானார்.

'கார் அண்ட் டிரைவர்' சஞ்சிகையில் 1968இல் அவர் எழுதிய கட்டுரை, டெட்ராய்ட் கார் நிறுவனங்களின் உயரதிகாரிகளைக் கடுமையாகச் சாடியது. குரோஸ் பாயிண்ட் என்னும் செல்வந்தர் புறநகரில் தமக்குள்ளேயே பழகி வாழும் அவர்கள், வாடிக்கையாளரின் மாறிவரும் விருப்பங்களை அறியவில்லை என்பது அவரது வாதம். கார் விளம்பரங்களை நம்பியிருந்த சஞ்சிகைக்கு இது துணிச்சல்தான். அடுத்த பத்தாண்டுகளில் ஜப்பானியக் கார்கள் அமெரிக்கச் சந்தையில் பெருகின. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 2009இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடின.

ஆயினும் பலர் அவரை நினைவுகூர்வது, 1971இல் அவர் தொடங்கிய, அனுமதி பெறாத 'கேனன்பால்' நெடுஞ்சாலைப் பந்தயத்துக்காகவே. அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா வரையிலான தூரத்தை, அவரும் டான் கர்னியும் ஃபெராரி காரில் 35 மணி 54 நிமிடங்களில் கடந்தனர்.